தொடக்கப் பள்ளியில் விழாப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

பணியில் சேர்ந்து முதல் வாரம் முடிவதற்குள் இது நடக்கும். தலைமையாசிரியர் ஒரு பழைய ஃபைலைத் தூசி தட்டி உங்கள் மேசையில் வைப்பார். "இனிமே விழா எல்லாம் நீங்க பாத்துக்கங்க டீச்சர். சின்ன வயசு, சுறுசுறுப்பா இருக்கீங்க." ஃபைலுக்குள் பத்து வருடத்துச் சுற்றறிக்கைகள், நாலைந்து உறுதிமொழித் தாள்கள், ஒட்டிப்போன ரப்பர் பேண்டு, யார் எடுத்ததென்று தெரியாத காமராஜர் பிறந்தநாள் போட்டோ ஒன்று. அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி.

இருபது வருடத்துக்கு மேல் இந்த ஃபைலைச் சுமந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்கள், முப்பதிலிருந்து அறுபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்கென்றே தனி ஆள் போட்டிருக்கும் பள்ளிகளுக்கு நான் சொல்ல எதுவுமில்லை.

முதலில் நாட்காட்டி, அப்புறம் சிவப்புப் பேனா

சுற்றறிக்கையில் வரும் நாட்களையெல்லாம் எழுதினால் வாரத்துக்கு ஒன்று தேறும். எல்லாவற்றையும் விழாவாக்கினால் பாடம் நடக்காது, உங்களுக்கும் தொண்டை போய்விடும். அதனால் ஒரு நாட்காட்டியை எடுத்து முதலில் விடுமுறைகளை அடியுங்கள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், சமத்துவ நாள். அன்று விடுமுறை என்பதால் முந்தைய வேலை நாளில் உறுதிமொழி எடுத்துவிடலாம். அக்டோபர் 2-ம் அப்படித்தான். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளை நம்ப முடியாது. 2024-இல் பள்ளி திறந்ததே ஜூன் 10, அடுத்த ஆண்டு ஜூன் 2. மரக்கன்று நடுவதை ஜூன் 5-இல்தான் செய்ய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அக்டோபர் கடைசியில் நாலு மழை பெய்த பிறகு நட்டால் கன்றாவது பிழைக்கும். ஜூன் வெயிலில் நட்டுப் போட்டோ எடுத்த கன்றுகளின் கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து, தேர்வோடு மோதுகிறதா என்று பாருங்கள். கணித நாள் டிசம்பர் 22. 1887-இல் ஈரோட்டில் ராமானுஜன் பிறந்த நாள். அருமையான நாள்தான், ஆனால் அரையாண்டுத் தேர்வில் போய் மாட்டிக்கொள்ளும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது 5-ஆம் தேதி ஆசிரியர் தினமும் 17-ஆம் தேதி சமூக நீதி நாளும் வரும். ஆசிரியர் தினத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். நமக்கு நாமே விழா எடுத்துக்கொள்வது கூச்சமான வேலை.

சில தேதிகளில் இரண்டு நாட்கள் சேர்ந்து வரும். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள், அதே நாள்தான் உலகக் கைகழுவும் நாளும். கலாமுக்கு ஒரு கதை, கைகழுவலுக்கு ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும். சத்துணவு மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடத்தில் இரண்டும் முடிந்துவிடும்.

அடித்ததெல்லாம் போக மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். கட்டாயம் நடத்தியாக வேண்டியவை: ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஜூலை 15, பிறகு அவ்வப்போது வரும் உறுதிமொழிகள். காலை வணக்கக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிபவை: பெரும்பாலான நாட்கள் இதில்தான் சேரும். மூன்றாவது, நீங்களாகத் தேர்ந்தெடுத்து அரை நாள் ஒதுக்குபவை. இவை வருடத்துக்கு நான்கு போதும். ஐந்தாவது வேண்டும் என்று ஆசை வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், ஆசை தணிந்துவிடும்.

ஆட்டுக்கும் ஒரு வேஷம்

உங்கள் முதல் பெரிய விழா ஜூலை 15-ஆகத்தான் இருக்கும். காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பள்ளி திறந்து ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்காது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் அம்மா போன திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். வழக்கமாக என்ன நடக்கும்? நன்றாகப் பேசும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் யாரோ எழுதிக்கொடுத்த ஒன்றரைப் பக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "கர்மவீரர், கல்விக் கண் திறந்தவர், கிங்மேக்கர்" என்று. மற்றவர்கள் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் பதிலாக ஒரு சின்ன நாடகம் போடுங்கள். மாடு, ஆடு மேய்த்த பையனிடம் காமராஜர் "ஏம்ப்பா பள்ளிக்கூடம் போகலை?" என்று கேட்க, அவன் "போனா சோறு யார் போடுவா?" என்று திருப்பிக் கேட்டானாம். ஊரெல்லாம் சொல்லும் கதை. பேசுவது இரண்டு பேர், மொத்தம் எட்டு வசனம். மீதிப் பிள்ளைகள்? எல்லோரும் ஆடு.

ஆட்டுக்கு வசனம் கிடையாது. "ம்மே" என்றால் போதும், சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. நாலு கால் நடை, துண்டில் சுருட்டிய இரண்டு காது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையும், நேற்றுச் சேர்ந்த பிள்ளையும், திக்கிப் பேசுகிறவனும் மேடையேறிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பேசாத பையன் ஒருவன் இருந்தான். ஒத்திகையில் ஆடாகச் சும்மா உட்கார்ந்திருந்தான். விழாவன்று கூட்டத்தில் அவன் அப்பத்தாவைப் பார்த்ததும் "ம்மே" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள், காமராஜரே வசனத்தை மறந்துவிட்டார்.

எந்த விழாவாக இருந்தாலும் திட்டத்தை இங்கிருந்துதான் தொடங்குவேன்: இதில் ஆடு யார்? பேச்சுப் போட்டி, மாறுவேடம், நடனம் என்று எதை எடுத்தாலும் அதே ஆறு பிள்ளைகள்தான் முன்னால் வரும். வட்டார அளவில் கலைத் திருவிழாப் போட்டிக்கு அனுப்ப அந்த ஆறு பேர் தேவைதான். ஆனால் பள்ளிக்குள் நடக்கும் விழாவில் அவர்களுக்கு அறிவிப்பாளர் வேலையைக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களை மற்றவர்களுக்கு விடுங்கள்.

மாறுவேடம் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாளுக்கு "யாருக்குப் பாரதி வேஷம்?" என்று கேட்காதீர்கள், பதினோரு பாரதிகள் வந்து நிற்பார்கள். நிற்கட்டுமே. தலைப்பாகைக்கு அப்பாவின் வேட்டி, மீசைக்குக் கண்மை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே பாட்டைப் பாட விட்டால் அதைவிடப் பெரிய நிகழ்ச்சி வேண்டாம். ஆனால் வேஷம் போடும் நேரத்தைக் கவனியுங்கள். காலை உணவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டால் சாம்பாரோடுதான் பாரதி மேடையேறுவார். சாப்பிட்டு, கை கழுவி, அப்புறம் மீசை. வாடகைக்கு உடை எடுக்கச் சொல்லி வீட்டுக்கு எழுதி அனுப்பவே அனுப்பாதீர்கள். கூலிக்குப் போகும் வீட்டில் அது ஒரு நாள் சம்பளத்தில் பாதி. காசு இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடும்.

கொடி

இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் ஊரே பார்க்கும் இடம் இதுதான்.

என் முதல் ஆகஸ்ட் 15-இல் கொடி விரியவில்லை. முந்தைய இரவு மழை. காற்றில் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் இரண்டு முடிச்சு போட்டிருந்தேன், நனைந்த கயிறு இறுகிவிட்டது. ஊராட்சித் தலைவர் இழுக்கிறார், இழுக்கிறார், கம்பம்தான் ஆடுகிறது. பிள்ளைகள் சல்யூட் அடித்த கையோடு நிற்கிறார்கள். கடைசியில் கொடியை மொத்தமாக இறக்கி, அவிழ்த்து, மறுபடி ஏற்றினோம். பூவெல்லாம் தலைவரின் சட்டைக்குள். அன்று கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர் ஒருவர் எல்லோரும் போன பிறகு வந்து, "ரெண்டு முடிச்சு போட்டா எப்படித் தொறக்கும் டீச்சர்?" என்று சிரித்துவிட்டு, கட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

அவர் காட்டியது இதுதான். சுத்தமான விரிப்பின் மேல் கொடியைப் பரப்பி, எந்தப் பக்கக் கயிறு காவியின் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதுதான் மேலே போக வேண்டியது. கொடி தலைகீழாகப் பறந்த பள்ளியின் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். பிறகு நீளவாக்கில் மடித்து மடித்து ஒரு பட்டையாக்கி, நடுவில் உதிர்த்த பூவை வையுங்கள். ரோஜா, செவ்வந்தி எதுவானாலும் இதழாக உதிர்த்துத்தான், முழுப் பூவாக வைத்தால் பொத்தென்று தலையில் விழும். பட்டையைச் சுருட்டி, கீழ்க்கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றின் ஒரு மடிப்பை மட்டும் உள்ளே சொருகுங்கள். நாம் ரிப்பன் கட்டும்போது ஒரு பக்கம் இழுத்தால் அவிழுமே, அந்த உருவு முடிச்சுதான். ஒன்றே ஒன்று. கட்டியதும் கையில் வைத்தே ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கட்டுங்கள்.

முந்தைய நாள் மாலையிலேயே கம்பத்தின் உச்சியில் உருளை சுற்றுகிறதா என்று வெறும் கயிற்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் கயிறு சிக்கும். கொடியை மட்டும் அன்று காலையில் கட்டுங்கள். ஓரம் கிழிந்த கொடி, சாயம் போன கொடி வேண்டாம். தரையில் படக் கூடாது. மாலையில் இறக்குவது யார் என்று காலையிலேயே பேசி வைத்துவிடுங்கள், விடுமுறை நாள் என்பதால் எல்லோரும் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவோம், கொடி மட்டும் நிற்கும்.

பிள்ளைகள் வெயிலில் நிற்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை ஏழரைக்குக் கொடி என்றால் பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரும். வந்ததும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் தண்ணீர். மிட்டாய் கடைசியில். மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட இது சுலபம்.

காசு, டிரங்குப் பெட்டி, கடன் சாமான்

பிள்ளைகளிடம் வசூல் கூடாது. பள்ளி மானியத்தில் விழாவுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காசாகக் கேட்காமல் சாமானாகக் கேளுங்கள். குழுவின் தலைவர் பிள்ளையின் அம்மாவாகத்தான் இருப்பார். "பத்துச் செங்கல், ஒரு குத்துவிளக்கு, நாலு பெஞ்சு" என்றால் அவரே நாலு வீட்டில் சொல்லி வரவைத்துவிடுவார். மைக் செட்டுக்குப் பக்கத்து ஊர் ரேடியோ செட்காரரை ஜூலையிலேயே பழக்கம் பண்ணி வையுங்கள். கோயில் திருவிழா இல்லாத நாளாக இருந்தால் குறைந்த வாடகைக்குத் தருவார்.

ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வையுங்கள். அதில் கிரேப் காகிதம், சணல், கத்தரி, பழைய துப்பட்டா நாலு, வெள்ளை வேட்டி ஒன்று, ஆட்டுக் காதுத் துண்டுகள், கண்மை. தெர்மாகோல் வேண்டாம். ஒரு நாள் மேடைக்கு, ஒரு வருடக் குப்பை. பின்னணிக்குப் பழைய சேலைதான் அழகு, யார் வீட்டுச் சேலை என்று பிள்ளைகளே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

பொங்கல் விழாவுக்குப் பெட்டி தேவையில்லை. விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் சமத்துவப் பொங்கல் வைத்துவிடுங்கள். அரிசியும் வெல்லமும் ஆளுக்குக் கைப்பிடி கொண்டுவந்தால் பானை நிறையும். பானை பொங்கும் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் அடுப்பை நோக்கி ஓடி வருவார்கள், அதுதான் ஆபத்து. அடுப்பைச் சுற்றி ஆறடிக்குச் சுண்ணாம்பில் கோலமாக ஒரு வட்டம் போட்டு, கோட்டுக்கு வெளியே நின்றுதான் "பொங்கலோ பொங்கல்" என்று பழக்குங்கள். நைலான் பாவாடைக்காரிகள் இரண்டடி இன்னும் தள்ளி.

பிப்ரவரியை விட்டுவிடாதீர்கள்

எல்லோரும் ஜூலையிலும் நவம்பர் 14-இலும் சக்தியைக் கொட்டிவிட்டு மூன்றாம் பருவத்தில் ஓய்ந்துவிடுவார்கள். என் கணக்கில் வருடத்தின் நல்ல மாதம் பிப்ரவரிதான். மழை இல்லை, வெயில் இன்னும் ஏறவில்லை, தேர்வு தூரத்தில், தோட்டத்தில் காய் இருக்கும். நான் தேர்ந்தெடுக்கும் நான்கில் மூன்று இங்கேதான்.

ஒன்று, சந்தை. டிசம்பரில் நடத்த முடியாத கணித நாளை இங்கே கொண்டுவந்துவிடுவேன். வீட்டில் காய்த்தது, கொல்லையில் கிடைத்தது, அம்மா சுட்டுத் தந்த முறுக்கு என்று பிள்ளைகள் கொண்டுவருவார்கள். வராண்டாவில் சாக்கு விரித்துக் கடை. தராசு ஒன்று, எடைக்கல் ஒரு செட். நிஜக் காசு, ஆனால் எதுவும் பத்து ரூபாய்க்கு மேல் கூடாது. சில்லறை கிடைப்பதுதான் பெரிய பாடு, ஒரு வாரம் முன்பிருந்தே பஸ் கண்டக்டரிடமும் டீக்கடையிலும் சொல்லி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைச் சேர்க்க வேண்டும். கடைக்காரர்கள் மூன்றாம் வகுப்புக்கு மேல், சின்னதுகள் வாங்குகிறவர்கள். காசு இல்லாமல் வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க நானே பத்துப் பத்து ரூபாயாகக் கொஞ்சம் வைத்திருப்பேன். கடன் என்று சொல்லித்தான் கொடுப்பேன், இனாம் என்றால் முகம் சுருங்கிவிடும்.

கரும்பலகையில் கடன் வாங்கிக் கழித்தல் வரவே வராத நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி முருங்கைக்காய் விற்றாள். மூன்று காய் ஏழு ரூபாய். இருபது ரூபாய் நோட்டை நீட்டினேன். மேலே பார்த்து யோசிக்கவில்லை, விரல் விடவில்லை. ஏழுக்கு மேல் மூன்று வைத்துப் பத்து, அப்புறம் ஒரு பத்து என்று பதின்மூன்றை என் கையில் எண்ணி வைத்தாள். மறுநாள் அந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, "நேத்து இதைத்தானே செஞ்சே" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுதானா அது?" என்றாள். அடிப்படை எழுத்துக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சித் தாளில் அவள் எந்த இடத்தில் தடுக்கினாள் என்பதே எனக்கு அன்றுதான் புரிந்தது.

இரண்டு, பிப்ரவரி 21 தாய்மொழி நாள். 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுடப்பட்ட நாள் அது. 1999-இல் யுனெஸ்கோ உலகத்துக்கே அதைத் தாய்மொழி நாளாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு அந்த வரலாறு இரண்டு வரியில் போதும். மீதி நேரத்துக்கு ஊர்க் கிழவிகளைக் கூப்பிடுங்கள். முதல் நாள் வீட்டுப்பாடம்: பாட்டியிடம் கேட்டு மூன்று விடுகதை, வீட்டில் மட்டும் சொல்லும் ஒரு சொல். எங்கள் பக்கம் அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி. மாற்றலாகி வந்த குடும்பத்துப் பெண் "எங்க ஊர்ல அமத்தா" என்று கோவைச் சொல்லைச் சொன்னாள், அதை நாங்கள் சார்ட்டில் எழுதி மாட்டினோம். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசுகிற பிள்ளை இருந்தால் அதன் சொல்லும் அதே சார்ட்டில் ஏற வேண்டும். செங்கல் சூளை வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் வகுப்பே தங்களைத் திரும்பிப் பார்க்கும். கதை ஓய்ந்த பிறகு வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் 'ஊஞ்சல்' சிறுவர் இதழ்களையும் பாயில் பரப்பிவிடுங்கள். யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும்.

மூன்று, பிப்ரவரி 28 அறிவியல் நாள். 1928-இல் ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்த நாள். ராமன் விளைவைத் தொடக்கப் பள்ளியில் விளக்கப் போனால் நாம்தான் மாட்டிக்கொள்வோம். கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் யோசித்தார், அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், அதில் நாலைந்து சொட்டுப் பால், ஒரு டார்ச் லைட். வகுப்பை இருட்டாக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம், விளக்குக்கு நேரே எதிரில் நின்று பார்த்தால் மஞ்சள். பால் கூடிவிட்டால் ஒன்றும் தெரியாது, முதல் நாள் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். இது ராமன் விளைவு அல்ல, வானம் ஏன் நீலம் என்பதற்கான சோதனை. அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடலாம்.

விழா நாளில்

அழைப்பிதழில் எத்தனை பெயர் போடுகிறீர்களோ அத்தனை பேரும் பேசுவார்கள். ஆகவே இரண்டு பெயர். மூன்றாவது ஆள் வந்தால் பரிசு கொடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் பேச்சைப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளுக்கு நடுவில் செருகுங்கள். முதலில் வைத்தால் வேஷம் கட்டிய பிள்ளைகள் ஒரு மணி நேரம் வியர்த்துக்கொண்டிருக்கும், கடைசியில் வைத்தால் கூட்டம் எழுந்துவிடும். கழிவறையைத் திறந்து, வாளியில் தண்ணீர் நிரப்பிவைக்க ஒருவர் பொறுப்பு. விழா முடிந்ததும் எந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகிறது என்பதற்கு இன்னொருவர் பொறுப்பு. மாலையில் நடக்கும் ஆண்டு விழாவுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

போட்டோ எடுப்பீர்கள், அறிக்கைக்கும் வேண்டும். எடுத்ததையெல்லாம் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், குறிப்பாக ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் காட்டும் படத்தை. கூட்டமாக இருப்பது ஒன்று, பின்னாலிருந்து எடுத்தது ஒன்று என்று அனுப்பினால் அலுவலகத்துக்கு அது போதும். படத்துக்காக நிகழ்ச்சியை நிறுத்தி "இங்க பாருங்க" என்று சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் காலை முதல் பாடவேளையில் இரண்டு வேலை. பிள்ளைகளோடு சேர்ந்து மைதானத்தைக் கூட்டி, கடன் வாங்கிய விளக்கையும் பெஞ்சையும் அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவது ஒன்று. அந்தப் பழைய ஃபைலின் பின்அட்டையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதி, நேற்று மேடையேறியவர்களுக்கு நேரே ஒரு டிக் போடுவது இன்னொன்று. டிக் விழாத பெயர்களிலிருந்துதான் அடுத்த விழாவின் பட்டியலை எழுதத் தொடங்க வேண்டும்.